ஜிப்சம் காசும் கேம் கம்ப்யூட்டரும்

வேங்கிக்காலில் வயல் என்று சொல்லிக்கொள்ள மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் ஊர். வேலூர் ரோட்டின் இரண்டு பக்கமும் கல் நட்டு மனையாகிவிட்டது. அதற்கு நடுவில், ஏரிக்குக் கீழே ஒன்றேகால் ஏக்கரை இன்னும் விடாமல் உழுதுகொண்டிருக்கிறது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் பையன். அக்காவைப் போளூர் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. 2025 மாசி மாதத்தில் அந்த வீட்டில் ஒரு தகராறு. ஒரு பக்கம் நாலு மூட்டை ஜிப்சம், இன்னொரு பக்கம் ஒரு கேம் கம்ப்யூட்டர்.

அந்த வருஷம் மல்லாட்டை விதைப்பே தள்ளிப்போயிருந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, மறுநாள் திருவண்ணாமலையில் கொட்டித் தீர்த்தது. மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் போனது அந்த மழையில்தான். கொல்லையில் ஈரம் வடிந்து கலப்பை இறங்கும் பதம் வர மார்கழி பாதி ஆகிவிட்டது. தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் விதை விழுந்தது. மல்லாட்டைக்கு 40 முதல் 45 நாளைக்குள் ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும். ஏக்கருக்கு 160 கிலோ கணக்கு. ஒன்றேகால் ஏக்கருக்கு 200 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் நாலு. விழுது இறங்கும் நேரத்தில் சுண்ணாம்புச் சத்து கிடைக்காவிட்டால் செடி பச்சென்று நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் பாதி பொக்குக் காயாக இருக்கும். ஜிப்சத்துக்கும் மண் அணைக்கிற கூலிக்கும் என்று அப்பா எவர்சில்வர் டப்பாவில் 4,500 ரூபாய் எடுத்து வைத்திருந்தார். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கம்ப்யூட்டர் செத்துச் செத்துப் பிழைக்க ஆரம்பித்ததும் அதே மாசியில்தான்.

பையன் அதை 2021-ல் வாங்கினான். பழையது. சென்னை ரிச்சி தெருவில் பொறுக்கிச் சேர்த்தது. கிடேரிக் கன்று விற்ற காசும், கொரோனா காலத்தில் அவன் கூரியர் மூட்டை தூக்கிச் சம்பாதித்ததும் சேர்ந்து 27,000 ரூபாய். இன்டெல் ஐ5-4570 பிராசசர், 2013-ல் வந்தது. எட்டு ஜிபி ராம். ஒரு டிபி ஹார்டு டிஸ்க். கேம் ஆடுவதற்கென்று ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டுக்கு மட்டும் கன்றின் விலை போயிற்று. அது நேரம் கெட்ட நேரம். கிரிப்டோ காசு தோண்டுகிறவர்கள் உலகம் முழுக்கக் கார்டுகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள், சிப் தட்டுப்பாடு வேறு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் அந்த முறையையே கைவிட்ட பிறகு பழைய கார்டுகள் கூடை கூடையாகச் சந்தைக்கு வந்தன. ஒரு வருஷம் பொறுத்திருந்தால் பாதிக் காசில் முடிந்திருக்கும். வெங்காயம் கிலோ நூறு விற்கும் நாளில் வாங்கின கதை என்று அப்பா சொல்வார்.

கேம் கம்ப்யூட்டர் என்று பெயர்தானே தவிர, அதில்தான் அவன் கல்யாண வீடியோ எடிட் செய்தான். டவுனில் இருக்கும் ஒரு ஸ்டுடியோக்காரர் கல்யாணத்துக்கு 3,500 ரூபாய் கொடுப்பார். தை, மாசியில் முகூர்த்தம் நிறைய. அந்த இரண்டு மாத வருமானத்தில்தான் அவன் பஸ் காசும் பரீட்சைக் கட்டணமும். அந்த மாசியில் இரண்டு கல்யாணத்து வீடியோ, 180 ஜிபி, ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. கேமராவின் மெமரி கார்டை ஸ்டுடியோக்காரர் அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டார். அதாவது ஒரு குடும்பத்தின் தாலி கட்டு உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது: வேங்கிக்காலில், விதை மூட்டைக்குப் பக்கத்தில், தரையில் வைத்த ஒரு பெட்டியில்.

நோய் இப்படித்தான் தொடங்கியது. எடிட்டிங் ஓடும்போதோ கேம் ஓடும்போதோ பத்து நிமிஷத்தில் படீரென்று அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கினது போல. திரும்பப் போட்டால் எழுந்து நிற்கும், ஆனால் தேதி 2013 என்று காட்டும். கேபினெட்டில் கை வைத்தால் ஜிவ்வென்று ஏறும். வெறும் காலோடு தரையில் நின்றால் இன்னும் கொஞ்சம்.

பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போனான். கடைக்காரர் பெட்டியைத் திறக்காமலே, ‘கார்டு போயிடுச்சு தம்பி, 7,500 ஆவும். இல்லன்னா இத எக்ஸ்சேஞ்சுல 5,000-க்கு எடுத்துக்கறேன், புதுசா ஒண்ணு தவணையில போட்டுக்கோ’ என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் டப்பாவைக் கேட்டான்.

‘ஜிப்சம் அறுவடைக்கு அப்புறம் போடலாமாடா?’

‘அது எப்படிப்பா?’

‘அப்ப அத கேக்காத. கம்ப்யூட்டர் காத்துக்கும். விழுது காத்துக்காது.’

அன்று இரவு பையன் சாப்பிடவில்லை. அம்மா இரண்டு பேரையும் திட்டினாள்.

அடுத்த நாள் காலையில் அப்பாவே கம்ப்யூட்டர் பக்கம் வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. மோட்டார் தெரியும். முப்பது வருஷமாகக் கிணற்று மோட்டாரோடு மல்லுக்கட்டினவர். மோட்டார் நின்றால் ‘காயில் போச்சு, கட்டணும்’ என்று முதலில் சொல்கிறவனை நம்பக் கூடாது என்பது அவர் அனுபவம். ப்யூஸ், ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர், கேபிள் ஜாயின்ட், வோல்டேஜ் எல்லாம் பார்த்த பிறகுதான் காயில். ‘திறக்காமயே கார்டுன்னு எப்படிச் சொன்னான்?’ என்று அவர் கேட்டதற்குப் பையனிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் 7,500 ரூபாயைக் காப்பாற்றியது.

ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன் 180 ஜிபியைக் காப்பாற்ற வேண்டும். படீர் படீரென்று அணைகிற மெஷினில் ஹார்டு டிஸ்க் ஒவ்வொரு தடவையும் அடி வாங்குகிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு; டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லும். நீலம் என்றால் நலம். இவனுடையது மஞ்சள். கெட்டுப்போன செக்டார்களை ஒதுக்கிவிட்டு மிச்ச இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது, சொத்தை விழுந்த பல்லை ஒதுக்கி மறுபக்கம் மெல்லுவது போல.

அக்காவின் லேப்டாப் அப்போது கை கொடுத்தது. பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த லட்சக்கணக்கான பெட்டிகளில் ஒன்று. பாட்டரி செத்துவிட்டது, சார்ஜர் செருகியிருந்தால் மட்டும் ஓடும். அதை யாரும் மதிக்கவில்லை. பீரோ மேல் துணிக்குக் கீழே கிடந்தது. பையன் டிஸ்க்கைக் கழற்றி, 350 ரூபாய்க்கு ஒரு சாட்டா–யுஎஸ்பி கேபிள் வாங்கி, இரவு முழுக்க உட்கார்ந்து அந்த லேப்டாப்பில் இரண்டு கல்யாணத்தையும் இறக்கினான். நடுவில் இரண்டு தடவை நின்று நின்று போயிற்று. விடிவதற்குள் முடிந்தது. சின்ன டிஸ்க் இருக்கிற கேபிளுக்கு யுஎஸ்பி மின்சாரமே போதும். டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டரோடு வருகிற கேபிளைக் கேட்டு வாங்க வேண்டும். இது தெரியாமல் முதலில் சின்னதை வாங்கி வந்து, திரும்பப் போய் மாற்றினான்.

பிறகுதான் துடைப்பு. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே அரை அங்குலத்துக்குப் புழுதி. மல்லாட்டை அடிக்கும்போது பறக்கும் செம்மண்ணும் தொலி தூசியும் தரையில் இருக்கிற பெட்டிக்குள் ஐந்து போகமாக ஏறியிருந்தது. டிராக்டர் ரேடியேட்டரில் வைக்கோல் தூசி அடைத்துக்கொண்டால் வண்டி கொதிக்கும் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். இதுவும் அதே சங்கதிதான். புளோயர் வைத்து ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும். ஈரத் துணி கூடாது. பிராசசர் மேல் இருக்கும் விசிறியைக் கழற்றினால் கீழே இருக்கிற தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது. புது பேஸ்ட் ஒரு சின்னக் குழாய் 180 ரூபாய். பட்டாணி அளவு போதும். ரொட்டியில் வெண்ணெய் போலத் தடவுவது தப்பு. இன்டெல் விசிறியின் நாலு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. பாதி சூடு அதனால்தான். ராமின் பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் துடைத்தான். தேதி மறந்துபோகிற சீக்குக்கு மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பாட்டரி, சிஆர் 2032, பெட்டிக் கடையில் 30 ரூபாய்.

முன்பு 98 டிகிரி வரை ஏறிய பிராசசர் இப்போது 72-ல் நின்றது. பையனுக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார்ந்து ஒரு கேமைப் போட்டான். ஏழே காலுக்குப் படீர்.

இந்த இடத்தில் பல பேர் மனசு விட்டுவிடுவார்கள். பெட்டியைக் கொண்டுபோய் 5,000-க்குத் தள்ளிவிடுவது இந்த நேரத்தில்தான். துடைத்தும் போகவில்லை என்றால் கார்டுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்பா அப்படிச் செய்யவில்லை. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மோட்டார் எப்போது போட்டது, எப்போது நின்றது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் குறித்து வைப்பார். அதே நோட்டில் இரண்டு பக்கம் தள்ளி, கம்ப்யூட்டர் அணைகிற நேரத்தைக் குறிக்கச் சொன்னார். நாலு நாள் ஆனது. 6.50. 7.15. 7.40. 8.10. எல்லாம் சாயங்காலம். காலையில் ஒரு தடவை கூட இல்லை.

‘கார்டு கெட்டுப்போனா அதுக்குக் காலைல சாயங்காலம் தெரியுமாடா?’

மோட்டார் கொட்டகையிலிருந்து மல்டிமீட்டரைக் கொண்டுவந்து பிளக் பாயின்ட்டில் வைத்தார். காலை ஐந்து மணிக்கு 228 வோல்ட். இரவு ஏழரைக்கு 172. சுற்றிலும் வயல் மனையாகி, மனை வீடாகி, வீட்டுக்கு ஒரு ஏசி வந்துவிட்டது. சாயங்காலம் எல்லோரும் போடுகிற நேரத்தில் கடைசிக் கம்பத்து வீட்டுக்கு மிச்சம் மீதிதான் வரும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூட ஆம்பியர் இழுக்கும், காயில் சூடாகும். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்-ஸும் அதே வேலையைத்தான் செய்கிறது: உள்ளே வருவது குறையக் குறைய அதிகமாக இழுத்துச் சமாளிக்கப் பார்க்கும், முடியாவிட்டால் கையை விரித்துவிடும்.

எஸ்எம்பிஎஸ்-ஸைக் கழற்றி அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பையன் அப்போதுதான் முதல் தடவை முழுசாகப் படித்தான். வெளியே கொட்டை எழுத்தில் 450 வாட். உள்ளே பொடி எழுத்தில் 12 வோல்ட் லைனுக்கு 14 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினாலால் பெருக்கினால் 168 வாட். பிராசசரும் கார்டும் தின்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் லைனில்தான். பிராசசருக்கு 84, கார்டுக்கு 75, ஆகக் கூட்டி 159. ஹார்டு டிஸ்க்கும் விசிறிகளும் சேர்ந்தால் விளிம்பு. நல்ல வோல்டேஜில் நொண்டி நொண்டி ஓடிவிடும், 172-ல் ஓடாது. அப்பாவுக்கு இது புரிய ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. பலகையில் ஏழரை எச்பி என்று எழுதி, தண்ணீர் அஞ்சு எச்பிக்குக் கூட வராத மோட்டாரை அவரும் ஒரு தடவை வாங்கி ஏமாந்திருக்கிறார்.

ஆக, 7,500 ரூபாய்க் கார்டு வேண்டாம். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று வேண்டும். அதற்கும் 2,600, 2,700 ஆகும். காசு? ஸ்டுடியோக்காரர் வீடியோ கொடுத்தால்தான் தருவார். வீடியோ கொடுக்க மெஷின் ஓட வேண்டும்.

‘மோட்டார் கொட்டகைலேர்ந்து ஒரு வயர் இழுத்துக்கலாமாப்பா? அங்க வோல்டேஜ் நல்லாருக்குது’ என்று பையன் கேட்டான். அது மட்டும் நடக்காது என்றார் அப்பா. விவசாயத்துக்கு இலவசமாகக் கொடுத்த மின்சாரம் மோட்டாருக்குத்தான். அதில் வீட்டுக்கு வயர் இழுத்துப் பிடிபட்டால் அபராதம், இணைப்பும் போகும். ஒரு கல்யாண வீடியோவுக்காகக் கிணற்றைப் பணயம் வைக்க அவர் தயாரில்லை. சரியான முடிவு.

பையன் வேறு வழி கண்டுபிடித்தான். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து உட்கார ஆரம்பித்தான். அந்த நேரத்தில் வோல்டேஜ் நிறைய இருக்கும், காற்றும் குளிர்ச்சி. மெஷினின் வாயையும் கட்டினான். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பிராசசரின் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக மாற்றினால் போதும், டர்போ வேகம் நின்றுவிடும், 3.6 கிகாஹெர்ட்ஸுக்குப் பாயாமல் 3.2-லேயே நடக்கும். வேலை கொஞ்சம் மெதுவாகும், தின்பது நன்றாகக் குறையும். கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் மின்சார வரம்பைக் கீழே இறக்கினான். கேம் ஆடுகிறவர்கள் இதற்கு மேல் ஒன்று செய்யலாம்: நொடிக்கு 60 படம் என்பதை 30 ஆக்கி, திரை அளவை 1280-க்கு 720 ஆக வைத்தால், சாகக் கிடக்கிற கார்டு கூடச் சில மாதம் ஓடும். பார்க்க அழகு குறையும். பசிக்குக் கூழ்.

ஐந்து விடியற்காலையில் முதல் கல்யாணம் முடிந்தது. ஒரு தடவை கூட அணையவில்லை. 43-ம் நாள் கொல்லையில் ஜிப்சம் விழுந்தது. ஆள் இரண்டு பேர் வராததால் பையனும் மண்வெட்டி எடுத்தான். 44-ம் நாள் ஸ்டுடியோக்காரர் 3,500 கொடுத்தார்.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பையன் ஸ்டிக்கரைப் படித்து வாங்கினான். கடைக்காரர் எடுத்து வைத்த முதல் பெட்டியில் உள்வரும் வோல்டேஜ் 200–240 என்று இருந்தது. இவர்கள் வீட்டுச் சாயங்காலத்துக்கு அது உதவாது. 100–240 என்று போட்டது, 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ளது, 12 வோல்ட் லைனில் 36 ஆம்பியர் எழுதியது என்று தேடி எடுத்தான். 2,650 ரூபாய். அந்த இரவு எட்டு மணிக்கு 174 வோல்ட்டில் இரண்டு மணி நேரம் கேம் ஓடியது. அம்மா கூட வந்து எட்டிப் பார்த்தாள்.

ஜிவ்வென்று ஏறுவது மட்டும் போகவில்லை. எஸ்எம்பிஎஸ் புதுசு, ஆனாலும் கேபினெட்டைத் தொட்டால் கடிக்கிறது. மல்டிமீட்டரில் கேபினெட்டுக்கும் ஈரத் தரைக்கும் நடுவில் 104 வோல்ட் காட்டியது. அப்பா பிளக் பாயின்ட்டைக் கழற்றினார். மூன்று துளை இருந்தது. மேல் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. வீடு கட்டினபோது ஓயரிங் செய்தவர் அழகுக்கு வைத்த துளை அது. எஸ்எம்பிஎஸ்-க்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எப்போதும் எர்த்துக்குக் கசியும். அப்படித்தான் அதைச் செய்கிறார்கள். போக எர்த் இல்லாததால் அது தகட்டிலேயே தங்கி, வரும் வோல்டேஜில் ஏறக்குறையப் பாதியைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அது ஆளைக் கொல்லாது. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் நாளைக்குக் கிரைண்டரிலோ ஃபிரிட்ஜிலோ உண்மையான கசிவு வந்தால் கொல்லும். பையன் கேம் ஆடப்போய் வீட்டில் எர்த் இல்லை என்பது தெரிந்தது. கார்டை மாற்றி, பெட்டியை மாற்றி, புதுசே வாங்கியிருந்தாலும் இது தெரிந்திருக்காது.

விவசாயப் பத்திரிகைகளின் கேள்வி–பதில் பக்கங்களைக் கத்தரித்து ஒட்டி வைப்பது அப்பாவின் இன்னொரு பழக்கம். மோட்டார் கொட்டகைக்கு எர்த் குழி எப்படிப் போடுவது என்று எவரோ கேட்டதற்கான பதிலை அதில் தேடி எடுத்தார். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, ஈரம் காயாத இடமாகப் பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரம் அதற்குப் பொருத்தமாக இருந்தது. எட்டடி ஜிஐ பைப்பைச் சுற்றி அடுப்புக் கரியும் கல் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கு. குழியைத் தோண்டினது அப்பாவும் பையனும். வயரை மெயின் போர்டுக்குக் கொண்டுபோனதும் பாயின்ட்டுகளுக்குப் பிரித்ததும் உரிமம் உள்ள வயர்மேன். அந்த வேலையில் மிச்சம் பிடிக்கக் கூடாது. சில இடங்களில் எர்த் துளையை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கி ‘எர்த் கொடுத்தாச்சு’ என்று போய்விடுவார்கள். நியூட்ரல் அறுந்த அன்றைக்கு வீட்டில் இருக்கிற அத்தனை தகடும் கரண்டாகிவிடும். பைப்பு, கரி, உப்பு, வயர், கூலி எல்லாமாக 1,900. அதில் 600, அம்மா பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் சுண்டல் விற்றது. அதை அவள் யாரிடமும் சொல்லாமல் கொடுத்தாள். கேபினெட்டில் இப்போது 2 வோல்ட்.

இரண்டாம் கல்யாணத்துக் காசில் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 1,500-க்கு வந்தது. மஞ்சள் காட்டிய டிஸ்க்கில் இப்போது பாட்டும் சினிமாவும் மட்டும், போனால் போகட்டும். பெட்டி தரையிலிருந்து மேசைக்கு ஏறியது. விதை மூட்டை தள்ளிப் போயிற்று.

அப்பா ஒரு நாள் சாயங்காலம் கேம் பார்க்க உட்கார்ந்தார். ஃபார்மிங் சிமுலேட்டர் 22. சுவிட்சர்லாந்துக்காரர்கள் செய்தது, 2008-லிருந்து விட்டு விட்டு வருகிறது. டிராக்டர் ஓட்டி, உழுது, விதைத்து, அறுத்து, விற்க வேண்டும். கரும்பு உண்டு, பருத்தி உண்டு. 2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்பில் நெல்லும் எருமையும் கூட வந்துவிட்டது, ஆனால் அதை இழுக்க இந்தப் பெட்டிக்குத் தெம்பு இல்லை. பையன் பத்து நிமிஷத்தில் ஐந்து ஏக்கர் கரும்பை மெஷினால் வெட்டித் தள்ளினான். அப்பா பேசாமல் பார்த்தார்.

‘களையெடுக்க ஆள் வேணாமா?’

‘மெஷின் இருக்குதுப்பா.’

‘மெஷினு எவ்ளோ?’

பையன் விலையைக் காட்டினான். கேமுக்குள்ளேயும் கடன் வாங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அப்பாவுக்கு ‘சரியாத்தான் செஞ்சிருக்கான்’ என்று தோன்றியது. மல்லாட்டை எங்கே என்று கேட்டார். அதில் இல்லை. எழுந்து போய்விட்டார்.

கரண்ட் பில்லைப் பற்றி அவருக்கு ஒரு பயம் இருந்தது. பையன் கணக்குப் போட்டுக் காட்டினான்: கேம் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்து 200 வாட் என்று வைத்தால், நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு 0.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 48. 2016-லிருந்து வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம்தான் என்றாலும், அந்த நூறில் பாதியை ஒரு பெட்டி தின்கிறது. பரீட்சை மாதத்தில் நாலு மணி நேரம் இரண்டானது. அதற்குக் காரணம் கணக்கா அம்மாவா என்று சொல்ல முடியாது.

சித்திரைக் கடைசியில் மல்லாட்டை பிடுங்கினார்கள். பொக்கு குறைவு. அடிக்கிற அன்றைக்குக் கம்ப்யூட்டருக்கு மேல் பழைய வேட்டி ஒன்று போர்த்தியிருந்தது. ஓடாத நேரத்தில்தான் போர்த்த வேண்டும், ஓடும்போது போர்த்தினால் வெந்துவிடும்.

அக்டோபரில் இன்னொரு தொல்லை வந்தது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 இந்த 2013 பிராசசரை ஏற்றுக்கொள்ளாது. புதுப் பெட்டி வாங்கச் சொல்லி நண்பர்கள் கிளப்பிவிட்டார்கள். வாங்க வேண்டிய அவசரம் இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவு செய்துகொண்டால், பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை காசில்லாமல் வரும். பையன் பதிவு செய்துவிட்டான். அதற்குப் பிறகு லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறான். வங்கி வேலை மட்டும் இந்தப் பெட்டியில் வேண்டாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

அப்பா ஒரு கேள்வி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறார்: வீட்டு எர்த் குழியும் மோட்டார் எர்த் குழியும் எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும்? பதில் வரும் வரைக்கும் வீட்டுக் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது பையன் வேலை. கார்டின் விசிறி ஒன்று இப்போது கீச்சிட ஆரம்பித்திருக்கிறது. ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். அம்மாவின் மெஷின் டிராயரில் புட்டி இருக்கிறது.